நான் எண்ணிய மூன்று

அந்தப் பூனை எங்கள் வீட்டுக்கு வந்தது தவக்காலத்தில். நாற்பது நாளும் மீனோ கறியோ அடுப்பில் ஏறாத வீடு இது. தெருவில் இத்தனை வீடுகள் இருக்க, பருப்பும் தயிரும் மட்டுமே கிடைக்கிற வீடாகப் பார்த்து வந்து சேர்ந்த அதன் புத்தியை நினைத்து முதல் நாளே எனக்கு எரிச்சல். சாம்பல் நிறம். இடது காது பாதிதான் இருந்தது. உடம்பெல்லாம் எலும்பு, வயிறு மட்டும் பெரிது. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து, நான் பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. போ என்றேன், போகவில்லை. தயிர்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தது.

மறுநாள் மீன்காரரை நிறுத்திக் கால் கிலோ மத்தி வாங்கினேன். என் கணவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"நாம ஒறுத்தல் இருக்கோம், பூனைக்கு விருந்தா?"

"அது இன்னும் ஞானஸ்நானம் வாங்கல. திங்கலாம்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்குள் முடி கொட்டுகிற எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பூனையை உள்ளே விட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அப்போது உளுந்து அறுத்து, மூட்டைகளைக் கொல்லைப்பக்கத்து அறையில் அடுக்கியிருந்தோம். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த மூட்டைகளை எலி கிழித்துக்கொண்டிருந்தது. "பூனை உள்ள இருந்தா எலி அண்டாதுங்க" என்றேன். அவரும் சரி என்றார். அந்த அறைக்குள் அதைக் குடிவைத்தது நான்தான், என் வாயால். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எலிகள் நின்றன. தவக்காலமும் ஈஸ்டர் பாஸ்காவும் முடிந்த இரண்டாம் வாரத்தில் பூனை மூட்டைகளின் மேலேயே குட்டி போட்டது. கதவைத் திறந்த என் கணவர், சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, "உன் விருந்தாளிக்குப் பிரசவம் ஆயிருச்சு" என்றார். அன்று இன்னும் கொஞ்சம் மீன் வாங்க அவரே காசு எடுத்துக் கொடுத்தார்.

எலி போனால் வண்டு. கைநிறைய உளுந்தை அள்ளினால் பாதியில் ஓட்டை இருந்தது. பூச்சிமருந்துக் கடையில் புகை மாத்திரை கொடுத்தார்கள். மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, காற்றுப் புகாமல் அறையை அடைத்துவிட வேண்டும். பத்து நாள் யாரும் திறக்கக் கூடாது, அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர் எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். என் கணவர் பயந்த சுபாவம். அதனால் இந்த மாதிரி வேலையை ஒரு குறை இல்லாமல் செய்வார்.

மாத்திரை வைக்கிற அன்று காலையில் குட்டிகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. அறையில் வெளிச்சம் போதாது. மூட்டைகளின் நடுவில் ஒரு பள்ளத்தில், நான் போட்டுவைத்த பழைய புடவையில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. முறத்தில் எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் புடவைத் துணி விரித்து வைத்தேன். தாய் மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. இறங்கி வந்து பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு பால்கூடக் கொடுக்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. நல்ல பருத்திப் புடவையைக் கிழித்து மெத்தை போட்டிருக்கிறேன், இதற்கு இடம் பிடிக்கவில்லையாம்.

என் கணவர் மாத்திரைப் பொட்டலங்களை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவு இடுக்குகளில் மைதாப் பசை தடவி நான் செய்தித்தாள் ஒட்டினேன். வாசற்படியில் களிமண் பூசினார். கொல்லையைப் பார்த்த ஜன்னலின் கொக்கி உடைந்து பல வருடம் ஆகிறது. அதன் பலகையைக் கம்பிகளோடு சேர்த்து வெளியிலிருந்து கயிற்றால் கட்டி, முன்னாலேயே தாள் ஒட்டியிருந்தோம். கடைசியாக அவர் வழக்கம்போலக் கதவில் சாக்பீஸால் ஒரு சிலுவை போட்டார். எங்கள் வீட்டில் அந்தச் சிலுவை இருந்தால் அவர் திறக்கும்வரை யாரும் அந்தக் கதவைத் தொடமாட்டோம். பிறகு குளித்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குத் திருவாரூர் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் குட்டிகள் கத்த ஆரம்பித்தன. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"தாயைக் காணும்க்கா" என்றேன்.

"குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தாம வுடாது புள்ள. நீ இடத்த மாத்திட்டல்ல, அடுத்த வீடு பாக்கப் போயிருக்கும். வந்துரும்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். நானும் நம்பினேன். நம்பியதால் நிம்மதியாக உலை வைத்தேன், ரசத்துக்குப் புளி கரைத்தேன், துணி துவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிப் போனது.

ஈரத்துணியைக் காயப்போடக் கொல்லைக்குப் போனபோதுதான் கேட்டது. ஜன்னல் பலகையை உள்ளேயிருந்து நகம் பிராண்டுகிற சத்தம். முதலில் எலி என்று நினைத்தேன். அப்புறம் பூனை ஒரு தடவை கத்தியது.

வாளி கைநழுவி விழுந்தது. போனில் அவரைப் பிடிப்பதற்குள் மூன்று முறை அடித்துவிட்டேன்.

"என்னங்க, பூனை உள்ள இருக்கு."

"நான் பாத்துட்டுத்தானே மூடுனேன்."

"சத்தம் கேக்குதுங்க. பிராண்டுது."

"நீ தொறக்காத. கேளு, கதவு கிட்டயே போகாத. ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நான் கெளம்பிட்டேன்."

திருவாரூரிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். தென்னை மரத்தடியில் நின்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிராண்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து வரை வந்தது. பிறகு பன்னிரண்டு வரை. அப்புறம் முப்பது எண்ணியும் சத்தம் வரவில்லை.

நான் போய்த் தொரட்டியை எடுத்தேன். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, நுனியில் அரிவாள் கட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா ஒனக்கு? ஒரு பூனைக்காவ சாவப்போறியா?"

"விடுங்கக்கா."

"விடமாட்டேன். காத்து மொகத்துல அடிக்குது பாரு. இந்தப் பக்கமா வந்து நின்னு அறு."

முந்தானையை விடாமலே என்னை இழுத்துப்போய்க் காற்று முதுகில் படும்படி நிறுத்தினார். தொரட்டியை முழு நீளத்துக்கும் நீட்டினேன். முதல் தடவை சுவரில் பட்டது. இரண்டாவதில் தாள் மட்டும் கிழிந்தது. மூன்றாவதில் அரிவாள் கயிற்றில் மாட்டியது, உடம்பின் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். பலகை திறந்துகொண்டது. வெள்ளைப்பூண்டு போல ஒரு வாடை வந்தது. அக்கா என்னை மாட்டை இழுப்பதுபோல வேலி வரைக்கும் இழுத்துப் போனார்.

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் இருட்டு. ஒன்றும் வரவில்லை. மீன் வாங்கி வரும்போது கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன். அழுதுகொண்டே கூப்பிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பாதிக் காது முதலில் தெரிந்தது. பிறகு தலை. வாயில் எதையோ கவ்வியிருந்தது. இந்த நேரத்திலும் எலி பிடித்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன். கம்பி வழியாக நுழைந்து கீழே விழுந்தது. விழுந்தும் வாயைத் திறக்கவில்லை. கால்கள் பின்ன, எங்களைத் தாண்டிக் கொட்டகைக்கு நடந்தது. பெட்டிக்குள் ஏறி, வாயிலிருந்ததை மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்தது.

நாலாவது குட்டி.

மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்திருக்க வேண்டும். நான் பசை கலக்கப் போன நேரத்திலோ, அவர் பொட்டலம் எடுக்கத் திரும்பிய நேரத்திலோ தாய் அதைத் தேடி உள்ளே போயிருக்கிறது. காலையில் பெட்டிக்குள் தலையை விட்டு அது எண்ணியிருக்கிறது. நான்தான் இடம் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன்.

அந்தக் குட்டி அசையவில்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

என் கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடிவந்தார். முதலில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகுதான் பூனையைப் பார்த்தார். கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். இதற்கு மாற்று மருந்து இல்லை, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பிழைத்தால் உண்டு என்றார் மருத்துவர். வாயோரம் நுரை தள்ளியபடி பூனை மூச்சிரைத்தது. பொழுது சாயும்வரை என் கணவர் வேட்டி மண்ணில் புரள உட்கார்ந்து, பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டிருந்தார். விளக்கேற்றும் நேரத்தில் தலையைத் தூக்கி இரண்டு வாய் தண்ணீர் குடித்தது. "பொழச்சுக்கும்" என்றார் என் கணவர். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் செத்த குட்டியை எடுத்துப்போய் முருங்கை அடியில் புதைத்தேன்.

புகை வெளியேறிவிட்டதால், பிற்பாடு உளுந்தைப் பாதிக்கு மேல் வண்டு தின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனது. நான் கேட்டருகில் நின்று, வந்த பைக்குகளைக் கைகாட்டி நிறுத்தினேன். திரும்பி வந்து இரண்டாவதைக் கொண்டுபோனது. பிறகு மூன்றாவதை.

நாலாவது முறையும் வந்தது. காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு மூலைமூலையாக முகர்ந்தது. சிலுவை போட்ட கதவு வரைக்கும் போய் நின்றது. அப்புறம் என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்தது, முதல் நாள் குழாயடியில் பார்த்த அதே பார்வை. அன்று அதற்கு வேண்டியது என்ன என்று கண்டுபிடித்து மறுநாள் வாங்கிக் கொடுத்தேன். இப்போது கேட்டதைக் கொடுக்க என்னிடம் இல்லை. கேட்டை அகலத் திறந்துவிட்டேன். அது போய்விட்டது.