ஆஷ்ஃபர்ட் என்ற பெயரைக் கேட்டுப் பக்குரங்கா போனோம்

1988ஆம் ஆண்டு யூலை மாதம், ஒரு சனிக்கிழமை, நானும் என் மகன் அருளும் கிளென்ஃபீல்டிலிருந்து பக்குரங்காவுக்குப் பஸ்ஸில் போனோம். ஓக்லாந்தின் வடக்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கத்துக்கு, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். கடற்கரை பார்க்கவோ எரிமலை ஏறவோ அல்ல. ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டு வாங்கப் போனோம்.

எழுதப் படிக்கக் கற்று எனக்கு இரண்டு வருடந்தான் ஆகிறது. ஒரு பந்திக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. ஆனாலும் இந்தப் பயணத்தை வேறு யாரிடமும் சொல்லி எழுதுவிக்க எனக்கு மனமில்லை.

அப்போது என் பேத்தி பிறந்து மூன்று வாரம். பிறப்பைப் பதியப் போனால் குடும்பப் பெயர் கேட்பார்கள். எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு. மகனுக்கு என் பெயர் சந்தியாப்பிள்ளை. பேத்திக்கு அருள். ஒரே வீட்டில் எனக்கொன்று, மகனுக்கொன்று, அவளுக்கொன்று. வாடகைக்கு வீடு தந்தவர், நீங்கள் எத்தனை குடும்பம் என்று கேட்டார்.

அருளுக்கு அலுத்துவிட்டது. "வேலைக்கு மனுப் போட்டா என்ர பேரைப் பாத்திட்டு ஒருத்தனும் கூப்பிடுறானில்லை. பிள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாம். ஆஷ்ஃபர்ட் எண்டு வைக்கப் போறன்" என்றான். ஆஷ்ஃபர்ட் என்பவர் அவனுக்கு இங்கே முதல் வேலை கொடுத்த மேற்பார்வையாளர். ஓய்வு பெற்றுப் பக்குரங்காவில் இருந்தார்.

"ஒருத்தற்ற குடும்பப் பேரைக் கேளாமல் எடுக்கிறதோ? தட்டத்தோட போய்க் கேப்பம்" என்றேன். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்திடம் பெரிய காரியம் கேட்பதென்றால் எங்களிடம் அதுதான் முறை. உண்மையில், அவர் மாட்டேன் என்று சொல்லவேண்டும் என்றே மன்றாடிக்கொண்டு போனேன். ஆஷ்ஃபர்ட் என்று எழுதிவிட்டால், எங்கள் ஊரும் ஆட்களும் அந்தப் பிள்ளையோடு அறுந்துபோய்விடும் என்று பயம்.

ஓக்லாந்தில் வெற்றிலை எங்கும் அகப்படவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், சீனி, மருமகள் சுட்ட பயத்தம் பணியாரம் எல்லாவற்றையும் எவர்சில்வர் தட்டத்தில் அடுக்கி, துணியால் மூடி, காலை ஒன்பதரை பஸ் எடுத்தோம். பாலத்தில் ஏறும்போது துறைமுகம் முழுவதும் பனிப்புகார். நகரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் குளிரில் நின்றோம்; இங்கே யூலைதான் குளிர்காலம். அந்தச் சாரதி ஒரு சமோவாக்காரர். துணியைத் தூக்கிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்? வாழைப்பழத்துக்கும் டிக்கெட் எடுக்கவேண்டுமே" என்றார். அருள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் ஒரு பழம் பிய்த்துக் கொடுத்தேன். அவர் பக்குரங்காவுக்கு முந்திய பன்மியூர் வரை பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார்.

பக்குரங்கா கடைத்தொகுதியில் இறங்கிப் பத்து நிமிட நடை. கதவைத் திறந்த ஆஷ்ஃபர்ட், தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் சட்டைப்பையில் கைவிட்டார். தேவாலயத்துக்குக் காசு சேர்க்கப் பலகாரம் விற்கிறோம் என்று நினைத்துவிட்டார். அருள் விஷயத்தைச் சொல்ல, மனிதர் சிரித்தார், இருமினார், திரும்பவும் சிரித்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"பொறுங்கோ அப்பா, சிரிச்சு முடியட்டும்."

தேநீர் வந்தபிறகு அவர் சொன்னதை அருள் எனக்குச் சொன்னான். அந்தப் பெயர் அவருடைய சொத்து இல்லையாம், ஊர்ப் பெயராம். ஆஷ் என்பது இங்கிலாந்தில் ஒரு மரம். ஃபர்ட் என்றால் ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமில்லாத இடம். அந்த மரம் நின்ற துறையில் உண்டான ஊர் ஆஷ்ஃபர்ட். ஊருக்குள் இருக்கும்வரை ஒருவனையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். எல்லோரும் அந்த ஊர்தானே. பல நூறு வருடங்களுக்கு முன் ஒருவன் அதை விட்டு வேறு இடம் போனான். போன இடத்தார், ஆஷ்ஃபர்டிலிருந்து வந்தவன் என்றார்கள். அது அவன் பிள்ளைகளுக்கும் நிலைத்துவிட்டது.

"தம்பி, எங்கட ஊர்ப் பேரைச் சொல்லு" என்றேன்.

"இலுப்பைக்கடவை" என்று அருள் சொன்னான். இலுப்பை ஒரு மரம், கடவை என்றால் கடக்கிற இடம் என்றும் விளக்கினான். ஆஷ்ஃபர்ட் கோப்பையை வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஊரில் ஒருவரும் என்னை இலுப்பைக்கடவையான் என்று கூப்பிட்டதில்லை. மன்னார்ப் பட்டினத்துக்குப் போனால்தான் அப்படிச் சொல்வார்கள்.

பிறகு, புதிதாய் யாரைக் கண்டாலும் நாங்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "இங்கிலாந்தில எவடம் எண்டு கேள்."

அவர் கையை விரித்தார். கென்ட்டில் ஓர் ஆஷ்ஃபர்ட், டெவனில் ஒன்று, டார்பிஷயரில் ஒன்று. பாட்டனார் கப்பலால் இறங்கியவர், எதுவென்று சொல்லாமலே செத்துப்போனார். அதன்பிறகு அருளைப் பார்த்து நீளமாய் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"பிறகு சொல்லுறன்."

"இப்ப சொல்லு."

"தனக்குத் தன்ர ஊர் எதெண்டு தெரியாதாம். எங்களுக்குத் தெரியுமாம். தெரிஞ்ச ஊரை விட்டிட்டு, தெரியாத ஊரை ஏன் கேட்டு வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

வெறுந்தட்டம் திருப்பித் தரக்கூடாது என்பது அவர்களிடமும் உண்டு போல. தன் மரத்து எலுமிச்சம்பழங்களை நிறைத்துத் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அருள்தான் கதையைத் தொடங்கினான். "அப்பா, கடவை எண்டு வைப்பமே?"

"முழுசா வை. இலுப்பை என்ன பாவம் செய்தது?"

"பிள்ளை பரீட்சைத் தாளில பேரெழுதி முடிக்க மணியடிச்சிடும்!"

பன்மியூர் பாலம் கடக்கும்வரை பேரம் பேசினோம். கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன், கடவை என்றே முடிவானது. திங்கட்கிழமை பதிவகத்தில், குடும்பப் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டபோது, அருள் ஒவ்வோர் எழுத்தாய் நிறுத்திச் சொன்னான். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது.

பேத்தி இப்போது தாதி. இது எந்த நாட்டுப் பெயர் என்று நோயாளிகள் கேட்பார்களாம். ஊரின் முழுப் பெயரையும் சொல்லி, மரத்தடியில் ஆற்றைக் கடக்கிற இடம் என்பாளாம். அவள் அந்த ஊரைக் கண்டதில்லை. ஆனால் எவடம் என்று கேட்டால் கையை விரிக்கமாட்டாள். எனக்கு அது போதும்.

கிளென்ஃபீல்டிலிருந்து பக்குரங்கா போகிறவர்கள் காலையிலேயே புறப்படுங்கள். சனிக்கிழமையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் நாளே போய்விடும். குளிர்காலத்தில் பாலத்துக்கு அந்தப்பக்கம் காற்று எலும்பைத் தொடும், கம்பளி வேண்டும். வழியில் யாரும் உங்கள் ஊரைக் கேட்டால் சுருக்காதீர்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள். கேட்டவர் இரண்டு தடவை சொல்லிப் பழகட்டும்.