என்ரை ஸ்போர்ட்ஸ் காருக்கு வின்ரர் ரயர்

போன குளிர்காலம் எங்கள் தெரு இறக்கத்தில் என்ரை ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம் வழுக்கிவிட்டது. அன்றிலிருந்து மனைவி அதில் ஏறுவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் காரில், அவ பஸ்ஸில்.

பஸ்தான் முதலில் போய்ச் சேரும். அது வேறு கதை.

பனியில் வழுக்காத வின்ரர் ரயர் போட்டால் ஏறுவதாகச் சொன்னா. இன்று தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ரயர் கடைக்குப் போனோம். அங்கேயும் அவ பஸ்ஸில்தான் வந்தா.

கடைக்காரத் தம்பி சுவிஸில் இருந்து வந்தவர். "அண்ணை, உங்கட சைஸில ரெண்டு இருக்கு. ஒண்டு மணிக்கு நூற்றைம்பது மைல் வரைக்கும் தாங்கும், மற்றது நூற்றெழுபது. ரெண்டும் பனியில நல்லாப் பிடிக்கும்."

நான் நெஞ்சை நிமிர்த்தி, "கூடினதையே போடும் தம்பி, கார் அப்பிடிப்பட்டது" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, இவர் முப்பதைத் தாண்ட மாட்டார். முப்பதுக்கு ஒரு ரயர் இல்லையோ?"

"முப்பதுக்கு எண்டால் சைக்கிள் ரயர்தான் அக்கா."

குறைஞ்சதையே போட்டோம்.

திரும்பும்போது அவ முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"மெதுவாப் போங்கோ" என்றா.

நான் இன்னும் காரை ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

இதைவிட மெதுவாக ஓடத் தெரிந்தவர்கள் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ.