நூர் அகமதின் தொடைத்தோல்

பேகம்பூர் நூர் அகமது தோல் கிடங்கில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பவர். விரலால் ஒரு தடவுதான். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தோலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதலாளியே வந்து கெஞ்சினாலும் சொன்ன தரத்தை மாற்றமாட்டார். அவ்வளவு திமிர்.

1961இல் அவர் மனைவி தாஹிராவின் தம்பி பாரூக், ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி ஆக்கும்போது கொதிக்கிற தேக்சா அண்டா கவிழ்ந்து நெஞ்செல்லாம் வெந்துபோனான். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சண்முகவள்ளி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"புண்ணை மூடலேன்னா ஆள் பிழைக்கிறது கஷ்டம். அவர் உடம்புல இப்ப கத்தி வைக்கிற தெம்பு இல்ல. சொந்தக்காரங்க யாராவது தொடையில கொஞ்சம் தோல் கொடுத்தா, தற்காலிகமா ஒட்டி வைக்கலாம்."

வராந்தாவில் சொந்தக்காரர்களும் நானுமாக எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் கேட்காமலே நூர் அகமது எழுந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துத் தடவினார். அவருடைய சித்தப்பாவுக்கு அம்மைத் தழும்பு, கழிவு. பெரியப்பா மகன் வெயிலில் காய்ந்தவன், இரண்டாம் தரம். எனக்குச் சொறி என்றார். எனக்குச் சொறி கிடையாது. மாமியார் சைதூனைத் தொடாமல் தள்ளி நின்றே, "வயசாயிருச்சு" என்றார். அந்த அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

தாஹிரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"எல்லாரையும் பாத்தாச்சுல்ல? ஒங்க தோலு எப்படி?"

மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாரூக் மேல் உயிரையே வைத்திருந்தார், ஆனால் கத்தி என்றால் அவருக்கு நடுக்கம். டாக்டரிடம் ஓடினார்.

"ஏம்மா, தோலைத் தனியா வளத்து எடுக்க முடியாதா? கீரை மாதிரி?"

"சீமையில கண்ணாடித் தட்டுல தோல் துணுக்கை உயிரோட வச்சுப் பாக்குறாங்க. போர்த்துற அளவுக்கு வளர்க்க இன்னும் தெரியல. நாளைக்கு முடியலாம்."

"அப்ப நாளைக்கே பாத்துக்கிருவோம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "பயமா இருந்தா வேண்டாம். நீங்களா மனசு வச்சுக் கொடுத்தாத்தான் எடுப்பேன். கட்டாயம் இல்ல."

கட்டாயப்படுத்துவார்கள், சண்டை போட்டுத் தப்பிக்கலாம் என்று இருந்தவருக்கு இது பெரிய அடி. கதவிடுக்கில் பாரூக்கைப் பார்த்தார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். மயக்க ஊசி போடுவதற்கு முன்பே அவர் போட்ட அலறலில் பக்கத்து வார்டே எழுந்து உட்கார்ந்தது.

ஒட்டிய தோல் மூன்று வாரம் தாங்கியது. பிறகு ஓரம் காய்ந்து உரிந்துவிட்டது.

"அடுத்தவங்க தோலை உடம்பு கொஞ்ச நாள்தான் பொறுத்துக்கும். அதுக்குள்ள அவர் தேறிட்டார். இனி அவர் தோலையே எடுத்து ஒட்டிடலாம்" என்றார் டாக்டர்.

பாரூக் பிழைத்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இவருக்கோ ரோஷம். "என் தோலையே கழிச்சுப்புட்டானா?" என்று ஊர் திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் புலம்பிக்கொண்டு வந்தார். மடியில் ஒரு பஞ்சுப் பொட்டலம் இருந்தது. உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணில் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். உரிந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார்.

மையவாடியில் குழி வெட்டுபவர், "மய்யித்து எங்க?" என்றார். இவர் பொட்டலத்தைக் காட்டினார்.

"யாரு இது?"

"நாந்தேன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவரைக் கூட்டிவர எனக்குச் செத்த நேரம் பிடித்தது.

இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பிய பாரூக், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மையவாடியில் அந்தத் தோலைப் புதைத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்தில் நின்ற நூர் அகமதுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, நான் குத்துக்கல்லு மாதிரி இங்கன நிக்கிறேன். அங்க யாருக்குடா அழுகிற?"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் வந்தீங்க மச்சான். இவரு மூணு வாரம் ராவும் பகலும் என் கூடயே இருந்தாரு."