கேமராவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று என் லாரியின் ஸ்டியரிங்குக்கும் கியர் ராடுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். முன்கண்ணாடியில் புதிதாக மாட்டியிருந்த கேமராவையும் விடவில்லை. வட்டமான அதன் கண், பொட்டு வைக்கத் தோதாக இருந்தது.

மறுநாள் காலை கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டு மோகனூர் சாலையில் போனபோது, இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தும் பம்பர் தட்டிவிட்டது. ஓட்டி வந்தவர் கால் மடங்கி விழுந்தார். நான் இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

"அடிக்காதீங்க! எல்லாம் கேமராவுல பதிவாயிருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே செல்போனில் பதிவைத் திறந்து, விழுந்து கிடந்தவர் முகத்துக்கு நேராகவே நீட்டினேன். திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஒரு திட்டு. சாலையே தெரியவில்லை.

"வேணும்னே மறைச்சுப்போட்டு ஓட்டிட்டு வந்திருக்கறான்!" என்றது கூட்டம். முதல் அடி கன்னத்தில் விழுந்தது.

"அவர உடுங்க" என்றார் கீழே கிடந்தவர். "நாந்தானுங்க பாக்காம திரும்பிட்டேன். அவரு மேல தப்பில்லீங்க."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

இப்போது தினமும் கேமராவைத் துடைத்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எந்தச் சாட்சியும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் அவர் உண்மையைச் சொன்னார். தப்பு என்னுடையதாக இருந்திருந்தால், அந்தத் திரையைப் பார்த்ததும் நான் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன்.