புஷ்பாவுக்குப் போன நோட்டீஸ்

போன வாரம் என் வீட்டுக்காரர் ஒரு பெண்ணை மிரட்டிவிட்டார். அவருக்கே தெரியாமல்!

நம்பமாட்டீர்கள். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிற மனிதர் அவர். கணக்காய்வு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புக்கிட் காத்தில் என்ற எங்கள் ஊரில் ரோஜாச் செடிகளுக்கும் கைப்பேசிக்கும் நடுவே வாழ்கிறவர்.

அந்தக் கைப்பேசியில் புதிதாக ஓர் ஆப் குடியேறியது. நாம் ஒரு பொருளை வாங்கிய பிறகு அதன் விலை குறைந்தால், ஆப் மோப்பம் பிடித்துவிடும். கடைக்காரருக்குத் தானே எழுதி, வித்தியாசத்தைத் திருப்பி வாங்கித் தரும். நாம் விரலை அசைக்க வேண்டாம்.

முதலில், வாங்கியிருந்த மின்காற்றாடிக்கு ஏதோ கொஞ்சம் திரும்பி வந்தது. அடேயப்பா... அந்த நடை, அந்தச் சிரிப்பு! கொண்டாட என்னை ரொட்டி சானாய் சாப்பிட அழைத்துப் போனார். வந்த காசைவிடச் சாப்பாட்டு பில் அதிகம்.

அடுத்து மாட்டியவள் புஷ்பா.

புஷ்பா செலண்டாரில் இருக்கிறாள். வீட்டு முன்னறையில் சேலை வியாபாரம். மாலையில் லைவ் போட்டு விற்பாள். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு அவளுடைய ஆன்லைன் கடையில்தான் சேலை எடுத்தேன். பணம் கட்டியது என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முதல் நாள் ரவிக்கைக் கை இறுக்குகிறது என்று புலம்பினேன். அவளே காரை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஹாலில் உட்கார்ந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை.

அந்தப் புஷ்பா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, நான் உங்கள ஏமாத்திட்டேனாக்கா?"

"என்னம்மா சொல்ற?"

"அண்ணன் பேர்ல நோட்டீஸ் வந்திருக்கு. சேலைக்கு வித்தியாசத்தத் திருப்பிக் கட்டணுமாம். இல்லன்னா கம்ப்ளேன் போடுவாங்களாம். கம்ப்ளேன் வந்தா ஆன்லைன்ல என் கடைய முடக்கிருவாங்கக்கா... ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் லா."

எனக்குக் காது சுட்டது. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"நானா? நான் ஒண்ணுமே அனுப்பலியே!"

கைப்பேசியைத் திறந்தோம். அனுப்பியிருந்தார் — அவர் பெயரில், கறாரான ஆங்கிலத்தில். வேலையில் இருந்தபோதுகூட அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை!

"போன்லயே சொல்லிரலாமே..." என்று இழுத்தார்.

"கார்ல ஏறுங்க," என்றேன்.

புஷ்பா கதவைத் திறந்தாள். முகம் வாடியிருந்தது. "உள்ள வாங்க" என்றாள், சிரிக்கவில்லை. கையோடு அதே ரகச் சேலை ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"பாருங்கண்ணே, மடிப்புல சாயம் போயிருச்சு. அதான் இந்த பீஸுக்கு வெலயக் கொறச்சேன். அக்காவுக்குக் குடுத்தது நல்ல பீஸு."

"நான் இல்லம்மா... அந்த ஆப் தானா அனுப்பிருச்சு."

"ஆப்புக்கு என்னயத் தெரியாதுண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் அந்தச் சேலையை மடித்து அவளிடம் கொடுத்தார். பிறகு, "தப்புதாம்மா. மன்னிச்சிரு," என்றார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!

அங்கேயே உட்கார்ந்து அந்தக் கோரிக்கையை ரத்து செய்தார். ஆப் லேசில் விடுமா? 'நிச்சயமாகவா? பணத்தை இழப்பீர்களே?' என்று திரும்பத் திரும்பக் கேட்டது. "ஆமான்னு சொல்றேன்ல!" என்று கைப்பேசியை அதட்டினார். அப்போதுதான் புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்தது. தேநீரும் வந்தது.

விலையைக் குறைத்துக் கேட்பதில் என்ன தப்பு? பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நாம் பேரம் பேசாததா? ஆனால் அங்கே எதிரே ஒரு முகம் இருக்கிறது. நாம் குறைத்துக் கேட்போம், அவர் முறைப்பார், நாம் சிரிப்போம், அவர் விலையில் ஒரு வெள்ளி குறைப்பார். கோபத்தில்கூட ஓர் உறவு இருக்கிறது. ஆப் நமக்குக் காசை மிச்சப்படுத்தித் தருகிறது, சரி... அந்த முகத்தையும் சேர்த்தல்லவா மறைத்துவிடுகிறது?

ஆப்பை அழித்துவிட்டாரா என்கிறீர்களா? அவராவது, அழிக்கிறதாவது! தானாக அனுப்பும் வசதியை மட்டும் அணைத்துவிட்டார். இப்போது கடைக்காரர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுகிறார். சின்னக் கடை என்றால் விட்டுவிடுகிறார்.

பெரிய கம்பெனி என்றால் மட்டும்... இரண்டு தடவை அழுத்துகிறார்!