‘கல்’ என்று சொன்ன காலை

2005 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. போர்ட் பிளேர், டெய்ரி ஃபார்ம் பகுதி. ஐந்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் நிரப்பினேன். ஐந்து நாற்பதுக்குத் தரை லேசாக ஆடியது. சுனாமிக்குப் பிறகு அது அன்றாடமாகிவிட்டதால் டைரியில் நேரத்தை மட்டும் குறித்தேன்.

ஏழரைக்கு நர்ஸ் வந்தார். முகாம்களில் தட்டம்மை பரவிவிடுமோ என்று வீடு வீடாக விசாரிப்பு. “பச்சி கோ டீகா லகா?” என்று, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று இந்தியில் கேட்டார். என் நாலு வயது மகளுக்கு ஊசி போடவில்லை. ஊசி போட்ட ஒரு குழந்தைக்குக் கை விளங்காமல் போனதாக படகுத்துறையில் யாரோ சொன்னதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

“கல்” என்றேன்.

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் அந்த ஒரே சொல்தான். நான் நினைத்தது நாளையை. “கல் லகா? பஹுத் அச்சா!” என்று அவர் நேற்றாக எடுத்துக்கொண்டு, கதவில் சாக்பீஸால் சரிக்குறி போட்டார். நான் திருத்தவில்லை.

பக்கத்து வீட்டில், கச்சால் தீவிலிருந்து எல்லாம் இழந்து வந்த குடும்பம். ஐந்து மாதக் கைக்குழந்தை. ஊசிக்கு வயது வரவில்லை. அதன் தாய் வேறு பிள்ளைகளை அண்டவிட மாட்டாள். “ஒங்க கதவுல குறி இருக்கே அண்ணே, இங்க விட்டாப் பயமில்ல” என்று என் மகள் மடியில் மட்டும் கிடத்திவிட்டுத் துணி துவைக்கப் போவாள்.

பிப்ரவரி 20. வெறும் சளிக்காய்ச்சல் என்று நான் நினைத்திருந்த மகளுக்கு முகமெல்லாம் சிவப்புத் தடிப்பு. முந்தின நாள்கூட அந்தக் குழந்தையைக் கொஞ்சியிருந்தாள். மாலைவரை தைரியம் வரவில்லை. பிறகு போய் உண்மையைச் சொன்னேன்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “கடல்கிட்டேருந்து புடுங்கிக்கிட்டு வந்த புள்ள அண்ணே. எல்லாத்துக்கும் பயந்தேன். ஒங்க கதவுக்கு மட்டுந்தான் பயப்படல்ல.”

பத்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நாள் நின்றேன். அவள் என்னைப் போகச் சொல்லவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. குழந்தை பிழைத்தது. அதில் என் பங்கு எதுவுமில்லை.

உண்மையைச் சொன்னதற்கு மறுநாள், திங்கட்கிழமை, வழக்கம்போல் ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வந்தது. டிரம்மைத் தொடவில்லை. முதல் குவளைத் தண்ணீரில் துணியை நனைத்து, என் கதவை நம்பித்தான் இன்னொருத்தியின் பிள்ளை உறங்கியது என்று, அழிந்த பிறகும் இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தக் குறியைத் துடைத்தேன்.