மேனேஜருக்கு ஊற்றிய தண்ணீர்

லிப்ட் மெக்கானிக் ஒன்பது வருஷமாக வெளியூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. காரணம், வீட்டுக் கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டி. அதற்குள் ஒரே ஒரு மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. ஒரு வேலையும் செய்யாமல் இங்கும் அங்கும் உலாத்திக்கொண்டு எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்ததால் வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர். மெக்கானிக் வேலை முடிந்து வந்தால் கிரீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக அதன் முன்னால்தான் போய் நிற்பார்.

"நானும் உடம்புல மூணு பட்டை அடிச்சுக்கறேன். அப்பவாவது என்னைப் பார்ப்பீங்களான்னு பார்க்கலாம்" என்பாள் மனைவி.

இந்தக் கோடையில் அவள் கேட்கவில்லை, பெட்டியைக் கட்டிவிட்டாள். ஏரி இருக்கிற ஒரு மலை ஊர், பன்னிரண்டு நாள். "நீங்க வந்தா சந்தோஷம். வரலைன்னா ரொம்ப சந்தோஷம்." மெக்கானிக் தன் சட்டைகளையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

மேனேஜரை யார் பொறுப்பில் விடுவது? மாடி வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்தில் ஒரு சொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். மெக்கானிக் அவளுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு சிட்டிகை தீனி. விளக்கு பத்து மணி நேரம். தண்ணீர் சூடாகாமல் இருக்க மேலே ஓடும் குட்டி ஃபேனை நிறுத்தவே கூடாது. கண்ணாடியில் தட்டக் கூடாது, மேனேஜருக்குக் கோபம் வரும். தண்ணீர் குறைந்தால் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்று மட்டும் எழுதவில்லை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு முழுக்கத் தொட்டிக்குள்ளேயே கிடக்கும், ஆகவே உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தினமும் மூச்சு விடவும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "ஏண்டா, ஐ.சி.யூ.ல கூட இவ்வளவு எழுத மாட்டாங்கடா. கவலைப்படாம போயிட்டு வா."

மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன். மெக்கானிக் ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நின்றிருந்தார். அதற்குள் அவரே அக்காவுக்கு ஏழு தடவை பேசியிருந்தார். இனி மீன் பேச்சை எடுத்தால் போனை ஏரியில் போட்டுவிடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"டேய், தண்ணி ஒரு விரக்கடை எறங்கிடுச்சு. ஊத்தணும்னு போட்டிருக்கே, அது..."

"அக்கா, எல்லாம் பேப்பர்ல இருக்கு. படிக்கத் தெரியும்ல?"

"இல்லடா, எந்த..."

"படகு வந்துடுச்சு, வெச்சிடறேன்."

படகு வரவில்லை. அது வர இன்னும் இருபது நிமிஷம் ஆனது.

லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ முன்பின் தெரியாதவர் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும், "பதறாதீங்க சார், மெதுவா சொல்லுங்க" என்று பத்து தடவையும் சொல்கிற மனுஷன் அவர்.

அக்கா யோசித்தாள். நீர் வற்றிப் போன உடம்புக்கு வார்டில் வெறும் தண்ணீரையா ஏற்றுவார்கள்? உப்பு கலந்ததைத்தான் ஏற்றுவார்கள். இதுவோ கடல் மீன். தொட்டிக்குக் கீழே உப்பு வாளி இருந்தது. லிட்டருக்கு எத்தனை கிராம் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. சமையலறைத் தராசில் நிறுத்துக் கலக்கி, கோடு வரைக்கும் ஊற்றினாள். அன்று முதல் தினமும். ஒரு நாளாவது ஒரு கிராம் பிசகவில்லை.

ஒன்பதாம் நாள் மேனேஜர் தீனியைத் தொடவில்லை. பதினோராம் நாள் ஒருக்களித்துச் சாய்ந்தது. அக்கா போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள்.

ஊரிலிருந்து திரும்பியபோது தொட்டியில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சின்னப் பொட்டலம். பக்கத்தில் அந்த நாலு பக்கம். கடைசிப் பக்கத்தின் பின்னால் அக்கா வார்டு சார்ட் மாதிரியே கட்டம் போட்டுத் தினமும் எழுதியிருந்தாள். தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு 35 கிராம். தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு 35 கிராம். கடைசிக் கட்டத்தில்: காலை 6.40.

"உப்பா? தினமும் உப்பா போட்டே?" மெக்கானிக் கேட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்.

அக்கா அவர் முகத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "போடக் கூடாதாடா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிப்படி ஏறினாள். ஏரிக்கரைப் போனைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவருக்கு அது அப்போதே ஞாபகம் வந்தது. ஆனாலும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கீழே வருவது நின்றுபோனது. படியில் எதிர்ப்பட்டால், "சாப்டியா?" என்று செருப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனாள். மனைவி மூன்று தடவை கூப்பிட்டும் தலைவலி, முட்டிவலி, தலைவலி. மெக்கானிக் பதினாறு நாள் தாக்குப்பிடித்தார். பதினேழாம் நாள் சாயங்காலம் மேலே போய்க் கதவைத் தட்டினார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ கேட்டே. நான்தான் சொல்லலை. படகும் வரலை. சும்மா சொன்னேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா. போன்ல படகு மோட்டார் சத்தமே கேக்கலையே."

"அப்புறம் ஏன் திரும்பப் போன் பண்ணலை?"

"வார்டுல சந்தேகம்னா பெரிய டாக்டரையே தூக்கத்துலேருந்து எழுப்பிக் கேட்டிருக்கேன். கத்துவாரு. கத்தட்டும்னு மறுபடியும் கேப்பேன்." ஒரு தலையணை உறையை நீவிவிட்டாள். "தம்பி கத்தினா மறுபடி கேக்க முடியலைடா."

மெக்கானிக் வரும்போது மன்னிப்பு என்று ஒன்றை வாய்க்குள் தயாராக வைத்திருந்தார். அதை எந்த இடத்தில் சொல்வதென்று தெரியவில்லை.

"இனிமே கேளுக்கா. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு."

"சரி" என்றாள். பிறகு, "ஆனா இனிமே எதையும் என்கிட்ட விட்டுட்டுப் போகாதே" என்றாள்.